நாற்பத்து நான்கு வால்கள்

திங்கட்கிழமை காலை என்றால் லீதா அக்காவுக்கு ரத்தக்கறை. ஞாயிறு ஹாக்கி ஆட்டத்தில் பையன்கள் கழற்றிப் போட்ட ஜெர்சிகளைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். கறை பட்டவை தொட்டிக்குப் போகும். குளிர்ந்த நீர், ஒரு பிடி உப்பு. மற்றவை நேராக இயந்திரத்துக்கு. "வெந்நீர்ல போட்டா ரத்தம் அங்கேயே வீடு கட்டிக்கும்" என்பாள். கறையைப் பார்த்தே கதையும் சொல்வாள். கழுத்துப் பக்கம் இருந்தால் அடி வாங்கியவன், கைமடிப்பில் இருந்தால் கொடுத்தவன். பயிற்சியாளரிடம் பொய் சொல்லும் பையன்கள் அவளிடம் மட்டும் பொய் சொல்லவே மாட்டார்கள். பிரயோசனமில்லை.

உஸ்த்-காமெனோகோர்ஸ்க் பனி அரங்கத்தில் அவள் வேலைக்குத் துணிக்காப்பாளர் என்று பெயர். பார்வையாளர் படிகளுக்கு அடியில், வெந்நீர்க் குழாய்கள் ஓடும் நீளமான அறை அவளுடையது. அடுத்த கதவு, ஸ்கேட்டுகளுக்குக் கூர் தீட்டும் செய்னொல்லா அண்ணனின் பட்டறை. டிக்கெட் கொடுக்கும் என் கூண்டு வாசல் பக்கம். திங்கட்கிழமை கூண்டு திறக்காது என்பதால் அன்றைக்கு நான் லீதா அக்காவோடுதான் தேநீர் குடிப்பேன். பதினெட்டு வருடம் அப்படிக் குடித்திருக்கிறேன்.

முழுப்பெயர் லிதியா கென்ரிகோவ்னா கெஸ்லர். யாராவது முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். பையன்களுக்கு லீதா அத்தை. போர்க் காலத்தில் ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த ஜெர்மன் குடும்பங்களை ரயிலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்களே, அதில் வந்தவள் அவளுடைய அம்மா. ஈய ஆலையின் குடியிருப்பில், 1944இல் லீதா பிறந்தாள். அம்மா ஆலையின் குளியல்கூடத்தில் துணி துவைத்தாள். மகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு அதே தொட்டிக்கு வந்தாள். அரங்கம் திறந்த வருடம் இங்கே மாறினாள். "ஆலைத் துணி கருப்பா இருக்கும், இங்க கலர் கலரா இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்பாள்.

கணவன் ஃபியோதர் லாரி ஓட்டுபவன். வடக்கே எண்ணெய் வயலுக்குச் சம்பாதிக்கப் போனான். முதல் வருடம் கடிதம் வந்தது, இரண்டாம் வருடம் ஒரு பெட்டி உலர்ந்த மீன் வந்தது, மூன்றாம் வருடம் விவாகரத்துத் தாள் வந்தது. மீனை எங்களுக்கெல்லாம் பங்கு வைத்துக் கொடுத்திருந்தாள். தாளைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, பையனுக்குத் தன் குடும்பப்பெயரையே எழுதி வாங்கினாள். ஆர்த்தூர் கெஸ்லர். அப்போது அவனுக்கு நான்கு வயது.

அவன் அந்த அறையில்தான் வளர்ந்தான். அழுக்கு ஜெர்சிக் குவியல்மேல் தூங்குவான், எழுந்தால் பனித்தளத்துக்கு ஓடுவான். ஐந்து வயதில் ஸ்கேட் மாட்டினான். ஊரில் எந்தப் பையன்தான் மாட்டவில்லை? வருடத்தில் ஐந்து மாதம் தெருவே பனித்தளம். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே அப்பாக்கள் குழாய் பிடித்துத் தண்ணீர் விடுவார்கள், காலையில் உறைந்திருக்கும். நான்கு சிவப்பு எழுத்துகள் போட்ட சோவியத் ஜெர்சியைக் கனவு காணாத பையன் கிடையாது. எங்கள் ஊரிலிருந்து போய் அதை மாட்டியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் கனவோடு ஆலைக்குப் போனார்கள்.

ஆர்த்தூர் இருபதாவது வயதில் ரஷ்யாவின் உரால் மலைப்பக்கம் ஒரு நகரத்தின் குழுவுக்குப் போனான். தடுப்பு ஆட்டக்காரன், உயரம், கொஞ்சம் மெதுவானவன். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவான். அந்த ஐந்து நிமிடத்துக்காக லீதா அக்கா ஞாயிற்றுக்கிழமையை ஒழித்து வைப்பாள். எங்கள் இருவர் வீடும் ஒரே மாடியில், எதிரெதிர்க் கதவு. சுவர் மெல்லியது. "சாப்பிட்டியா, பல்லு இருக்கா, எப்ப வர்றே" – மூன்று கேள்வியும் எனக்கே மனப்பாடம். முதல் இரண்டுக்கும் பதில் வரும். மூன்றாவதுக்கு மூன்று வருடத்தில் இரண்டு முறைதான் வந்தது.

அந்த மூன்று வருடத்துக்குள் சோவியத் உடைந்து நாடே மாறிப்போனது. அவன் போனபோது ஒரே நாட்டின் இன்னொரு ஊருக்குப் போனான். 1993இல் பார்த்தால் வெளிநாட்டில் இருந்தான், யாரும் எங்கேயும் நகராமலே.

புதுக் கசாக் நாட்டுக்குப் புது அணி வேண்டியிருந்தது. ஒரு தேசத்தின் அணி என்றால் தேசமெங்கும் இருந்து ஆள் வர வேண்டும். எங்கள் அணி ஏறக்குறைய ஒரே அரங்கத்திலிருந்து, ஒரே பேருந்துத் தடத்திலிருந்து வந்தது. இப்போது எல்லோருக்கும் நகானோ ஒலிம்பிக்ஸ் ஞாபகம் இருக்கிறது. கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தோம், கனடாவிடம் தோற்றோம், ஊரே தெருவில் நின்றது. அன்றைக்குத் துணி அறையில் தொலைக்காட்சி வைத்துப் பார்த்தோம். லீதா அக்கா ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே பார்த்தாள், உட்காரச் சொன்னால் திட்டினாள். நான் சொல்வது அதற்கு ஐந்து வருடம் முன்பு. அப்போது நாங்கள் உலகத்தில் மூன்றாம் பிரிவு. ஸ்லோவேனியாவில் போட்டி. உக்ரைனும் லாத்வியாவும்கூட அதே பிரிவில், நேற்றுவரை ஒரே வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் தனித்தனியாகப் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தோம்.

பிப்ரவரிக் கடைசியில் அணியின் நிர்வாகி ரிஃபாத் இரண்டு பெரிய பைகளோடு துணி அறைக்கு வந்தார். தாத்தார் இனத்தவர், வாய் ஓயாது.

"லிதியா கென்ரிகோவ்னா!"

"போச்சு" என்றாள் லீதா அக்கா என்னிடம். "என்ன வேணும், சொல்லுங்க."

"சனிக்கிழமை வழியனுப்பு ஆட்டம். போட்டிக்கான ஜெர்சி தலைநகர்லேருந்து நேரா விமானத்துக்கு வரும். ஆனா நம்ம ஊர் சனங்க முன்னாடி வெறும் வெள்ளையில நிக்க முடியுமா? இருபத்திரண்டு ஜெர்சி, இது நீலத் துணி. நெஞ்சில நாட்டுப் பேரு, முதுகுல ஆள் பேரு."

"சனிக்கிழமையா? இன்னிக்குத் திங்கள், ரிஃபாத்."

"அதான் உங்ககிட்ட வந்தேன். வேற யார்கிட்டயாவது போனா அடுத்த சனிக்கிழமை கேப்பாங்க."

பட்டியலை மேசைமேல் வைத்தார். லீதா அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். பதினான்காவது வரியில் விரல் நின்றது.

"அவன் வர்றானா?"

ரிஃபாத் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "தந்தி குடுத்திருக்கோம். பதில் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா... சனிக்கிழமை ஆடுறவன் ஞாயித்துக்கிழமை விமானம் ஏறணும். அங்க ஒருதடவை நம்ம ஜெர்சியில இறங்கிட்டா, அப்புறம் வேற நாட்டுக்கு ஆட முடியாது. அது விதி. பையன்க யோசிக்கிறாங்க. எல்லாருக்கும் ரஷ்யா கூப்பிடும்னு ஒரு நெனப்பு."

"இவனைக் கூப்பிடுமா?"

பட்டறைக் கதவிலிருந்து செய்னொல்லா அண்ணன் பதில் சொன்னார். "கூப்பிடாது. ஆனா கூப்பிடாதுன்னு அவன் ஒத்துக்கணுமே."

லீதா அக்கா சிரிக்கவில்லை. ரிஃபாத் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நாட்டு அணின்னா வருஷத்துக்கு ரெண்டு தடவை முகாம் வைப்பாங்க, ஷோல்பான். இங்கதான் வைப்பாங்க, வேற எங்க பனி இருக்கு? ஒரு தடவைக்கு மூணு வாரம். ஆறு வாரம் வீட்டுல இருப்பான்." விரலை மடக்கி எண்ணினாள், ஏதோ குழந்தைக்குப் பால் அளப்பதுபோல. அவளுக்கு நாடு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆறு வாரம் வேண்டியிருந்தது.

இரண்டு நாளில் முடித்துவிட்டாள். ஜெர்சிக்கு ஒன்பது எழுத்து. அட்டையில் வெட்டிய அச்சு, நீலத் துணி, இரட்டைத் தையல். பதினான்காம் எண்ணை முதலில் தைத்தாள், பிறகு மற்றவை. புதன்கிழமை மதியம் இருபத்திரண்டையும் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். அழகாகத்தான் இருந்தது.

செய்னொல்லா அண்ணன் எண்ணெய் துடைக்கக் கந்தல் கேட்டு வந்தார். கம்பியைப் பார்த்தார். கந்தலை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார்.

"லீதா, இது எந்த நாட்டு அணி?"

"கண்ணு தெரியலையா? நம்ம நாடு."

"நம்ம நாட்டுக்கு வால் எங்க?"

"என்ன வால்?"

அவர் சாக்குக்கட்டியை எடுத்துத் தையல் மேசையிலேயே எழுதினார். லீதா அக்கா தைத்தது நாட்டின் பெயரை ரஷ்ய மொழியில் எழுதும் விதம். ரஷ்யத்தில் முதல் எழுத்து வெறுங்காலோடு நிற்கும். கசாக்கில் அதே எழுத்தின் வலது காலடியில் ஒரு சிறு வால் தொங்கும். ஒலி தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும் என்பதற்கு அடையாளம். ஐந்தாவது எழுத்து ரஷ்யத்தில் ஒரு பெருக்கல் குறி. கசாக்கில் அங்கேயும் வால் வைத்த எழுத்துதான். ஒரு ஜெர்சிக்கு இரண்டு வால்.

"பேரே தப்பா?" என்றாள் லீதா அக்கா.

"தப்புன்னு சொல்ல முடியாது. அடுத்த வீட்டுக்காரன் நம்மளக் கூப்பிடற பேரு. நாம நம்மளக் கூப்பிடற பேரு இது."

"நாப்பத்தொம்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், செய்னொல்லா. ஒருத்தரும் சொன்னதில்ல."

"ரொட்டிக் கடைப் பலகையில மேல கசாக்கு, கீழ ரஷ்யன்னு ரெண்டு வரி இருக்குமே, பாத்ததில்லையா?"

"கீழ் வரியத்தான் படிப்பேன். எல்லாரும் கீழ் வரியத்தானே படிப்பாங்க."

"அதான். நாங்க மேல் வரி."

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். "லீதா ஜெர்மன்காரி, விடு. நீ? ஷோல்பான்னு கசாக் பேரு வச்சிக்கிட்டு ரெண்டு நாளா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தியே. உன் கண்ணுக்குமா தெரியல?"

தெரியவில்லை. நான் ரஷ்யப் பள்ளியில் படித்தவள். என் அம்மாவிடம் கசாக்கில் பேசுவேன், எழுதியது கிடையாது. வாய்க்குள் வால் இருந்தது, கைக்கு வரவில்லை. அவருக்கு என்ன, தர்பகதாய் மலையடியில் கசாக் பள்ளியில் படித்தவர் என்று முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்தது. சிரித்தார்.

"அணியில இருபத்திரண்டு பேரு. கசாக்குல தண்ணி குடுன்னு கேக்கத் தெரிஞ்சவன் ரெண்டு பேரு இருந்தா அதிகம். டிக்கெட் குடுக்கிறவளுக்குத் தெரியாது, துணி தைக்கிறவளுக்குத் தெரியாது. நல்ல நாடு! அப்படியே விட்டுடு லீதா, யாரு பாக்கப் போறா."

லீதா அக்கா அதற்குள் தையல் பிரிக்கும் சிறு கத்தியைக் கையில் எடுத்திருந்தாள். "கறையோட ஜெர்சி குடுத்ததில்ல நான், இருபத்து மூணு வருஷத்துல. வாலு எவ்வளவு நீளம்? வரைஞ்சி காட்டு."

"வலப்பக்கம் தொங்கணும். இடப்பக்கம் தொங்கினா அது வேற பிராணி."

வியாழனும் வெள்ளியும் மூன்று பேரும் உட்கார்ந்தோம். செய்னொல்லா அண்ணன் பெருக்கல் குறிகளைப் பிரித்தெடுத்தார். ஸ்கேட் விளிம்பைத் தடவிப் பழகிய விரலுக்கு நூல் அறுப்பது எளிதாக இருந்தது. நான் புது எழுத்துகளையும் வால்களையும் வெட்டினேன். லீதா அக்கா தைத்தாள். நாற்பத்து நான்கு வால்கள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. தைக்கும்போது ஒருமுறை வாய்க்குள் அந்த ஒலியைச் சொல்லிப் பார்த்தாள். செய்னொல்லா அண்ணன், "மீன் முள்ளு மாட்டின மாதிரி இருக்கு, இன்னும் கொஞ்சம் உள்ள" என்றார். "இன்னும் உள்ள போனா வாந்திதான் வரும்" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அந்த அறையில் அவ்வளவு சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளே ஆர்த்தூரைத் தொலைபேசியில் பிடித்தாள். அலுவலகக் கருவியில், நாங்கள் பக்கத்தில் நிற்க. அணியைப் பற்றி எடுத்தவுடன் கேட்கவில்லை. எழுத்துக் கதையைச் சொன்னாள், வாலை எல்லாம் விவரித்து. அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று எங்களுக்குக் கேட்டது. நல்ல சத்தமான இணைப்பு.

"யாரும்மா அதைப் படிக்கப் போறாங்க?"

"நான் படிப்பேன்."

அவன் பேச்சை மாற்றினான். "நாளைக்குக் காலைல அங்க இருப்பேன்மா. நேத்தே கிளம்பிட்டேன், இப்ப வழியில நோவோசிபிர்ஸ்க்ல ஒரு விடுதியில இருக்கேன். நல்லவேளை, இங்க கூப்பிடச் சொல்லி எங்க குழுவுல சொல்லியிருக்காங்க."

கருவியை வைத்த பிறகு லீதா அக்கா நேராகச் சந்தைக்குப் போய் முட்டைக்கோஸ் வாங்கினாள். மாவை மெல்லியதாக இழுத்துச் சுருட்டி, முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் போட்ட சட்டிமேல் ஆவியில் வேகவைக்கும் ஸ்ட்ரூட்லிக்காக. அவள் அம்மா வோல்காவிலிருந்து கொண்டுவந்தது அதுவும் ஒரு தலையணையும்தான்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு ஆர்த்தூர் துணி அறைக்கே வந்துவிட்டான். தோள் இன்னும் அகன்றிருந்தது, முன்பல் ஒன்று புதிது. லீதா அக்கா கட்டிப்பிடித்துவிட்டு, உடனே அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"பல்லு இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொன்னியே."

"இருக்குதேம்மா. யாருதுன்னு நீ கேக்கல."

சட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பதினொரு ஸ்ட்ரூட்லி சாப்பிட்டான். நான் எண்ணவில்லை, அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். செய்னொல்லா அண்ணன் வந்து முதுகில் ஒரு அடி வைத்தார். "வாடா மலையே. ஸ்கேட்டக் குடு, தீட்டி வைக்கிறேன்."

ஆர்த்தூர் தலை குனிந்து தட்டைப் பார்த்தான். "எடுத்துக்கிட்டு வரல, மாமா."

ஹாக்கி ஆடுபவன் ஸ்கேட் இல்லாமல் வந்தால், வேறு எதற்கோ வந்திருக்கிறான். லீதா அக்கா சட்டியின் மூடியை எடுத்து மூடினாள். மெதுவாக, ஓசை வராமல்.

"பதினாலு அங்க தொங்குது" என்றாள். "நல்லாருக்கான்னு பாரு."

அவன் எழுந்து போய்ப் பார்த்தான். முதுகில் தன் பெயரையும் நெஞ்சில் அந்த ஒன்பது எழுத்தையும் விரலால் தொட்டான். ஒரு வாலை நிமிண்டியும் பார்த்தான். "நல்லா தச்சிருக்கேம்மா. கெட்டியா இருக்கு."

"என்னடா விஷயம்?"

அவன் அங்கேயே, ஜெர்சிகளுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு சொன்னான். ஜெர்மனியில், சாக்சனிப் பக்கம் ஒரு சிறு ஊர்க் குழு. வேலையும் வீடும் தருகிறார்கள். ஜெர்மன் வம்சம் என்று காட்டினால் குடியுரிமையும் கிடைக்கும். அதற்கு அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், இனம் என்ற இடத்தில் ஜெர்மன் என்று எழுதிய அசல். தபாலில் அனுப்பச் சொல்ல மனம் வரவில்லை. "நேர்ல வந்து கேக்கணும்னு தோணிச்சு. இங்க நாட்டு அணிக்கு ஒரு தடவை ஆடிட்டா அங்க நாட்டு அணிக்கு ஆட முடியாது. அதான் தந்திக்குப் பதில் போடல. தப்புதான்."

"ரஷ்யாவுக்குன்னு நெனச்சேன்" என்றார் செய்னொல்லா அண்ணன்.

"ரஷ்யா என்னைக் கூப்பிடாது, மாமா. எனக்குத் தெரியாதா?"

அந்த நேரம் பார்த்து ரிஃபாத் உள்ளே வந்தார். இரு கைகளையும் விரித்து, "ஆர்த்தூர்! வந்துட்டியா! கடவுளே, இப்ப நமக்கு ஆறு தடுப்பு ஆள்!" என்று ஆரம்பித்தவர், எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இன்னிக்கு மட்டும் ஆடுறேன், ரிஃபாத் மாமா" என்றான் ஆர்த்தூர் திடீரென்று. அம்மாவைப் பார்த்தபடி. "இது கணக்குல வராத ஆட்டம்தானே. யாருகிட்டயாவது ஸ்கேட் வாங்கி மாட்டிக்கிறேன். அம்மா பாக்கட்டும். நாளைக்கு விமானம் மட்டும் ஏற மாட்டேன்."

ரிஃபாத்துக்கு எரிச்சல் வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "டேய், இது வழியனுப்பு. போறவங்களைத்தான் வழியனுப்புவாங்க. போகாதவனை எப்படிடா அனுப்புறது?" பிறகு லீதா அக்காவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. பதினாலு உங்க கையில இருக்கு. மாற்று ஆளா லெனினோகோர்ஸ்க் ஊர்ப் பையன் ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான். உங்களுக்காக, ஆர்த்தூருக்கே குடுன்னா குடுக்கிறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

லீதா அக்கா கம்பிக்கு நடந்தாள். மகனைத் தாண்டிக் கையை நீட்டிப் பதினான்கை இறக்கினாள். மேசையில் முதுகு மேலே வரும்படி விரித்து, அந்தச் சிறு கத்தியை எடுத்தாள். பெயரின் கடைசி எழுத்திலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா" என்றான் அவன்.

"பேசாதடா. துணி கிழிஞ்சிடும்."

அவளைப் பார்க்க வேண்டாம் என்று நான் செய்னொல்லா அண்ணனின் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் முழுக்கப் பிரிந்து வந்த பிறகு, ஒட்டியிருந்த நூல்களை உள்ளங்கையில் தண்ணீர் தொட்டு உருட்டி எடுத்தாள். "லெனினோகோர்ஸ்க் பையன் பேரு என்ன? எழுத்தக் கூட்டிச் சொல்லுங்க. இன்னொரு தடவை தப்பா தைக்க எனக்கு நேரமில்ல."

ஆட்டம் நடந்தது. எல்லா டிக்கெட்டும் போனதும் நான் கூண்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தேன், சனங்கள் படிகளிலெல்லாம் நின்றார்கள். எங்கள் அணி எங்கள் இளைஞர் குழுவோடு ஆடியது, எட்டுக்கு இரண்டு. வால்களை யாரும் கவனிக்கவில்லை. யார் எந்தக் குழுவுக்கு மாறினான், யாருக்கு எந்தப் பெண்ணோடு திருமணம், ஸ்லோவேனியா எங்கே இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆர்த்தூர் தடுப்புச் சுவரின் கதவருகில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். ஒவ்வொரு முறை வட்டு எங்கள் பக்கம் வரும்போதும் அவன் வலது கால் தானாக அரை அடி பின்னால் போயிற்று. பக்கத்தில் நின்ற லீதா அக்கா அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

மறுநாள் காலை அணி விமானம் ஏறியது. ஏழு மணிக்குப் பேருந்து எங்கள் தெரு வழியாக ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போனது. நான் ஒரு கிண்ணம் புளித்த பாலாடை கொண்டுபோய்க் கொடுக்க எதிர்க்கதவைத் தட்டினேன். ஆர்த்தூர்தான் திறந்தான். மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தது. ரயில் ஒன்பதரைக்கு.

சமையலறையில் லீதா அக்கா உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் பிறப்புச் சான்றிதழ், பச்சை அட்டை, மடிப்பில் கிழிந்து ஒட்டுக் காகிதம் போட்டது. அவன் அதை எடுக்கவில்லை. நான் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். "உக்காரு, ஷோல்பான்" என்றாள். உட்கார்ந்தேன்.

"விண்ணப்பத்துல குடும்பத்தாருக்கு ஒரு இடம் இருக்கு" என்றான் ஆர்த்தூர். சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். "உன் பேரையும் எழுதட்டுமாம்மா? சாகற வரைக்கும் எவனோ அழுக்கத் துவைக்கணுமா? அங்க எனக்குத் தனி வீடு தர்றாங்க. ரெண்டு அறை. உனக்கு ஜெர்மனும் தெரியும்."

"எனக்குத் தெரியறது எங்கம்மா பேசினது. அதை அங்க யாரும் பேசறதில்லையாமே. போனவங்க எழுதறாங்க, கடையில சிரிக்கிறாங்களாம்."

"அதெல்லாம் ஒரு வருஷத்துல பழகிடும். ஞாயித்துக்கிழமை ஆறு மணி வேணாம். தினமும் பாக்கலாம். அதானே உனக்கு வேணும்?"

அவள் சான்றிதழின் மடிப்பை விரலால் நீவினாள். அவனுக்குத் தெரிந்திருந்தது, மூன்று வருடமும் 'எப்ப வர்றே' என்ற அந்த மூன்றாவது கேள்வி அவனுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதை அவன் சொன்ன விதத்தில் அவள் முகம் ஒரு கணம் இளகியது. சரி என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"அங்க போயி நல்லா ஆடினா, அந்த நாட்டு அணிக்குக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாள்.

"கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. அங்க போட்டி கம்மி."

"கூப்பிட்டா போவே."

"போவேம்மா. ஒரு தடவையாவது ஏதாவது ஒரு நாட்டுக்கு ஆடணுமே."

"நம்ம பசங்களும் நின்னுட மாட்டாங்க. இன்னிக்கு மூணாம் பிரிவு, ரெண்டு வருஷத்துல ரெண்டாம் பிரிவு, அப்புறம் மேல வருவாங்க. எனக்குத் தெரியும், ஒவ்வொருத்தனையும் தெரியும். ஒருநாள் உங்க அணியும் இவங்க அணியும் மோதும்." அவள் சான்றிதழை அவன் பக்கமாக, ஒரு விரலால், மேசை விளிம்புவரை தள்ளினாள். "அன்னிக்கு நான் எந்தப் பக்கம் உக்காரணும், ஆர்த்தூர்?"

அவன் என்னைப் பார்த்தான், நான் கிண்ணத்தைப் பார்த்தேன். பிறகு குனிந்து சான்றிதழை எடுத்து, உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். அவள் பேரையும் எழுதட்டுமா என்று மறுபடி கேட்கவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவின் தலையில் ஒரு முறை உதட்டை வைத்துவிட்டு, அறையைவிட்டு வெளியே போனான்.